வெப்சைட்டில் எந்தச் சொல்லை வைப்பது? ஒரு மொத்த வியாபாரியின் அனுபவம்



நமது இதழில் ஜி.எஸ்.டி. கணக்கு, எடை அளவுச் சட்டம், கடை வாடகைப் பிரச்சினை என்று எத்தனையோ கட்டுரைகளைப் படித்துப் பயன் பெற்றிருக்கிறோம். இம்முறை வெப்சைட்டைப் பற்றி எழுத முன்வந்திருக்கிறோம். "பருப்பு வியாபாரிக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயம்தான். நாங்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். ஆனால் இந்த விஷயத்தில் பணத்தையும் விட்டு, நல்ல வாடிக்கையாளர் ஒருவரையும் இழக்க இருந்து, அதன் பிறகே பாடம் கற்றுக் கொண்டவர்கள். அந்தப் பாடம் மற்றவர்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கட்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

விருதுநகரில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பருப்பு, மல்லி, மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்து வருகிறது. 2020 ஊரடங்கின்போது போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் வாங்கிப் பழகினோம். அந்தத் தெம்பில் 2022-ல் ஒரு வெப்சைட் போட்டோம். செய்து கொடுத்தவர் பெயர் இங்கே வேண்டாம். கேட்ட தொகையைக் கொடுத்தோம். அவர் எங்கள் பில் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, அதில் இருந்தபடியே "து. பருப்பு லயன்", "உளுந்து நாடு", "மல்லி லயன்", "ஏ.சி. வத்தல்" என்று பட்டியல் போட்டுவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருடம் முழுவதும் அதைப் பார்த்து வந்த ஆர்டரை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேட்டோம். "எஸ்.இ.ஓ. செய்ய வேண்டும், அதற்குத் தனியாகப் பணம்" என்றார். தேடும் ஆட்கள் கண்ணில் நம் வெப்சைட் முன்னால் படும்படி செய்யும் வேலைக்கு அப்படிப் பெயராம். சரி என்றோம். அவர் சுற்று வட்டாரத்தில் உள்ள நாற்பது ஊர்களின் பெயரில் நாற்பது பக்கம் போட்டார். எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகம். ஊர்ப் பெயர் மட்டும் மாறும். "சாத்தூர் மளிகை", "அருப்புக்கோட்டை மளிகை", "திருமங்கலம் மளிகை" என்று இப்படி. இரண்டு மூன்று மாதத்தில் இரண்டு கிலோ, ஐந்து கிலோ ஆர்டர்கள் வரத் தொடங்கின. எங்களுக்கும் சந்தோஷம்தான்.

அப்போதுதான் அருப்புக்கோட்டையிலிருந்து அந்தக் கடைக்காரர் வந்தார். இருபத்தேழு வருடமாக எங்களிடமே சரக்கு எடுப்பவர். தவணை தவறாதவர். அன்று உட்காரக்கூட இல்லை.

"அண்ணாச்சி, என் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்க. பாக்கியை முடிச்சிடுறேன்."

"என்னய்யா இது, திடீர்னு?"

"எங்க தெரு டீச்சரம்மா போன்ல அருப்புக்கோட்டை மளிகைக் கடைன்னு தேடியிருக்காங்க. உங்க கடைதான் வந்துச்சாம். என் கடை வரல. உங்ககிட்ட சரக்கு எடுத்துத்தான் நான் விக்கிறேன். என் தெருவுக்கு நீங்களே அனுப்பினா நான் எங்க போறது அண்ணாச்சி?"

எங்களிடம் பதில் இல்லை. அவரைக் கெடுக்க வேண்டும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் வெப்சைட்டில் வைத்த அந்த இரண்டு சொல், எங்களுக்குத் தெரியாமலே அவர் கடை வாசலில் போய் நின்று அவருடைய வாடிக்கையாளரைக் கூப்பிட்டிருக்கிறது. அன்று இரவே நாற்பது பக்கங்களையும் எடுக்கச் சொன்னோம்.

மறுநாள் எங்கள் மருமகள் சொன்னது இது: "மாமா, நாம விக்கிறதை எழுதினோம். ஊர் பேரை எழுதினோம். யார் எதைத் தேடுறாங்க, அதுல யாரை நாம கூப்பிடணும்னு ஒரு நாளும் உட்கார்ந்து யோசிக்கலையே." அன்றிலிருந்து அவரே பொறுப்பெடுத்துக் கொண்டார். நாங்கள் கூடவே உட்கார்ந்து கற்றுக் கொண்டோம்.

தேடுசொல் என்பது என்ன?

கடைக்கு வருபவர் வாயைத் திறந்து முதலில் என்ன கேட்கிறாரோ, அதுதான் தேடுசொல். ஆங்கிலத்தில் கீவேர்ட் என்கிறார்கள். கடையில் வாயால் கேட்கிறார். கூகுளில் விரலால் தட்டிக் கேட்கிறார், அல்லது போனைப் பார்த்துப் பேசுகிறார். 2017 முதல் கூகுளில் தமிழில் பேசியே தேடும் வசதி இருக்கிறது. எனவே எழுதிப் பழக்கம் இல்லாதவரும் இன்று தேடுகிறார்.

பழைய நாளில் டெலிபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களில் நம் கடைப் பெயர் எந்தத் தலைப்பின் கீழ் வர வேண்டும் என்று யோசித்துப் பணம் கட்டினோம் அல்லவா? அதே யோசனைதான் இது. ஒரு வித்தியாசம். அந்தத் தலைப்புகளை டைரக்டரிக்காரர் வைத்தார். இங்கே தலைப்பை வைப்பவர் வாடிக்கையாளர். அவர் வைக்கும் தலைப்பை நாம் கண்டுபிடிக்க வேண்டும். அதைத்தான் தேடுசொல் ஆராய்ச்சி என்கிறார்கள். கண்டுபிடித்த சொற்களை எந்தப் பக்கத்தில், எந்த மாதத்தில், யாருக்காக வைப்பது என்று முடிவு செய்வது திட்டமிடல்.

முதல் வேலை: ஒரு நோட்டுப் புத்தகம்

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் மருமகள் எங்களைச் செய்யச் சொன்ன வேலை, கல்லாவில் ஒரு நோட்டு வைப்பது. ஒரு மாதம் கடைக்கு வந்தவர், போனில் கேட்டவர், வாட்ஸ்அப்பில் எழுதியவர் எல்லோரும் சரக்கை என்ன பெயரில் கேட்டார்களோ அதை அப்படியே எழுத வேண்டும். திருத்தக் கூடாது.

மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்து நாங்களே அசந்து போனோம். நாம் பொரிகடலை என்கிறோம். சென்னைக்காரர் பொட்டுக்கடலை என்கிறார். உடைச்சகடலை என்று கேட்பவரும் உண்டு. நாம் மிளகாய் வத்தல் என்பதை கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் வரமிளகாய் என்கிறார்கள். மல்லியைத் தனியா என்பவர் பலர். நிலக்கடலை சென்னையில் வேர்க்கடலை. விழுப்புரம், கடலூர் பக்கம் மல்லாட்டை. கொங்கு நாட்டில் கடலைக்காய். பாசிப்பருப்பு சிலருக்குச் சிறுபருப்பு, சிலருக்குப் பயத்தம்பருப்பு. நமக்குத் தொலி உளுந்து, மற்றவருக்குக் கருப்பு உளுந்து. நாம் சீனி என்பது வடக்கே சர்க்கரை. கொங்குப் பகுதிப் பெரியவர்களுக்கு அஸ்கா. நம் பக்கத்தில் சர்க்கரை என்றாலோ நாட்டுச்சர்க்கரையை எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

சரக்கு ஒன்றுதான்; பெயர்தான் நான்கு. எங்கள் வெப்சைட்டில் எங்கள் ஊர்ப் பெயரும் மார்க்கெட் பெயரும் மட்டுமே இருந்தன. சென்னையில் பொட்டுக்கடலை தேடியவருக்கு நாங்கள் இருப்பதே தெரிய வழியில்லை.

இன்னொன்றையும் கவனித்தோம். நம் மக்களில் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். சிலர் ஆங்கிலப் பெயரையே தட்டுகிறார்கள். எனவே ஒவ்வொரு சரக்குக்கும் தமிழ்ப் பெயர்கள், ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். எழுத்துப் பிழையாகத் தட்டுகிறவர்களுக்காக நாமும் பிழையாக எழுத வேண்டியதில்லை. சின்னப் பிழைகளைப் பெரும்பாலும் கூகுளே புரிந்து கொள்கிறது.

இரண்டாவது வேலை: கூகுளையே கேட்பது

நோட்டில் உள்ள ஒரு சொல்லைக் கூகுள் பெட்டியில் தட்டத் தொடங்கினால், முடிப்பதற்குள் கீழே நாலைந்து வரிகள் விழும். மற்றவர்கள் தேடியதை வைத்து வருபவை அவை. "மிளகாய் வத்தல்" என்று தட்டினால் விலை, கிலோ, இன்றைய விலை என்றெல்லாம் ஒட்டிக் கொண்டு வருவதைப் பார்க்கலாம். தேடி முடித்தபின் பக்கத்தின் அடியிலும் தொடர்புள்ள தேடல்கள் இருக்கும். இவை எல்லாவற்றையும் நோட்டில் ஏற்ற வேண்டும். ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது கூகுள் டிரெண்ட்ஸ். 2006 முதல் இருக்கிறது, இதுவும் இலவசம். பொரிகடலை, பொட்டுக்கடலை என்று இரண்டு சொற்களைக் கொடுத்து, தமிழ்நாட்டில் எது அதிகம் தேடப்படுகிறது, எந்த மாதத்தில் ஏறுகிறது என்று கோடு போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதில் காட்டும் 0 முதல் 100 வரையான எண், தேடியவர்களின் தலைக்கணக்கு அல்ல. உச்சத்தில் இருந்த நேரத்தை 100 என்று வைத்து, மற்றதை அதற்கு ஒப்பிட்டுச் சொல்கிறது. 100 என்று பார்த்துவிட்டு நூறு பேர் என்று நினைத்தால் கணக்குத் தப்பும். மேலும், குறைவாகத் தேடப்படும் சொல்லுக்கு அது கோடே காட்டாமல் போகலாம். அதனால் அந்தச் சொல்லைக் கேட்பவர் யாருமில்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவது, கூகுள் விளம்பரக் கணக்கில் உள்ள கீவேர்ட் பிளானர். 2013 முதல் உள்ளது. ஒரு சொல்லை மாதம் எத்தனை முறை தேடுகிறார்கள் என்று சொல்லும். விளம்பரம் செய்யாதவர்களுக்குச் சரியான எண்ணைத் தராமல், 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமாகச் சொல்லும். எந்தச் சொல் பெரியது, எது சிறியது என்று தெரிந்து கொள்ள அது போதும். கணக்குத் தொடங்கும்போது பணம் கட்டும் விவரமெல்லாம் கேட்கும். விளம்பரத்தை ஓடவிடாமல் நிறுத்தி வைத்தோமா என்று இரண்டு முறை பார்த்துக் கொள்ளுங்கள்.

அந்தப் பிளானரில் "போட்டி" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "குறைவு" என்று கண்டு, "இந்தச் சொல்லில் சுலபமாக முன்னால் வந்துவிடலாம்" என்று நாங்கள் மகிழ்ந்தோம். அது தவறு. அந்தப் போட்டி விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இடையே உள்ள போட்டி. காசு கொடுக்காமல் வரும் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது வேலை: கேட்பவர் மனதைப் பார்ப்பது

கடைக்கு வருபவர் எல்லோரும் வாங்க வருவதில்லை. ஒருவர் விலை விசாரிக்க வருவார். ஒருவர் வழி கேட்க வருவார். ஒருவர் மழைக்கு ஒதுங்குவார். தேடுபவரும் அப்படித்தான்.

"துவரம் பருப்பு சாம்பார் செய்வது எப்படி" என்று தேடுபவர் சமையல் குறிப்பு கேட்கிறார். "நாட்டு உளுந்துக்கும் பர்மா உளுந்துக்கும் என்ன வித்தியாசம்" என்பவர் வாங்குமுன் விவரம் கேட்கிறார். "உருட்டு உளுந்து ஒரு கிலோ விலை" என்பவர் பையைக் கையில் எடுத்துவிட்டார். "பக்கத்தில் உள்ள மளிகைக் கடை" என்பவர் செருப்பை மாட்டிவிட்டார்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, அந்தச் சொல்லை நாமே தேடிப் பார்ப்பதுதான். மேலே வருபவை எல்லாம் சமையல் வீடியோவாக இருந்தால், அங்கே நம் விலைப்பட்டியல் நிற்காது. கடைகளும் விலையும் வந்தால் நமக்கு இடமுண்டு. 2024 முதல் நம் நாட்டிலும் கூகுள் பல கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதிய பதிலைத் தானே மேலே போட்டுவிடுகிறது. வெறும் விவரம் கேட்பவர் அதைப் படித்துவிட்டு அப்படியே போய்விடக் கூடும். ஆகவே நம்மைப் போன்றவர்கள் கடையை, சரக்கை, விலையைத் தேடும் சொற்களில் முதலில் கவனம் வைப்பது நல்லது.

"பருப்பு" என்ற ஒற்றைச் சொல்லில் முதலிடம் பிடிக்க ஆசைப்பட வேண்டாம். அங்கே பெரிய கம்பெனிகள் நிற்கின்றன. அந்தச் சொல்லைத் தட்டியவருக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியாது. "இட்லிக்கு உருட்டு உளுந்து 25 கிலோ மூட்டை விலை" என்று நீளமாகத் தேடுபவர் சிலரே. ஆனால் அந்தச் சிலர் வாங்குபவர்கள்.

நான்காவது வேலை: யாரைக் கூப்பிடுவது?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஒரு சொல்லை அதிகம் பேர் தேடுகிறார்கள் என்பதற்காக அதை எடுக்கக் கூடாது. அந்தச் சொல்லால் வருபவர் யாருடைய வாடிக்கையாளர் என்று பார்த்து எடுக்க வேண்டும். அருப்புக்கோட்டைக் கடைக்காரர் எங்களுக்குக் கற்றுக் கொடுத்த பாடம் இதுதான்.

நோட்டில் சேர்ந்த சொற்களை மூன்று பட்டியலாகப் பிரித்தோம்.

முதல் பட்டியல், கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் கேன்டீன்காரர்களும் தேடுபவை. மொத்த விலை, மூட்டை விலை, குவிண்டால் விலை, இன்றைய மார்க்கெட் நிலவரம் ஆகியவை இதில் வரும். இங்கேதான் ஒரு வேடிக்கை. குடும்பத்துப் பெண்களுக்குப் புரியாத "லயன்", "நாடு", "ஏ.சி. வத்தல்" என்ற மார்க்கெட் சொற்கள் இந்தப் பட்டியலுக்குத்தான் பொருத்தமானவை. சரக்கு தெரிந்த கடைக்காரர் அப்படித்தான் கேட்பார். சொல் கெட்ட சொல் அல்ல. தப்பான ஆளிடம் சொல்லிக் கொண்டிருந்தோம்.

இரண்டாவது பட்டியல், எங்கள் சில்லறைக் கடைக்காரர்கள் இல்லாத தூர ஊர்களிலிருந்து, விருதுநகர்ச் சரக்குதான் வேண்டும் என்று தேடுபவர்களுடையது. "விருதுநகர் மிளகாய் வத்தல்", "இராமநாதபுரம் முண்டு வத்தல்" போன்றவை. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும் கிடைத்தன. ஊரோடு சேர்ந்த சரக்குப் பெயரை மக்கள் பெயர் சொல்லியே தேடுகிறார்கள். ஆனால் உண்மையில் அந்த ஊர்ச் சரக்கை விற்பவர் மட்டுமே அந்தப் பெயரை வைக்க வேண்டும். வேறு சரக்குக்கு அந்தப் பெயரைப் போட்டால் சட்டப்படியும் குற்றம், தர்மப்படியும் குற்றம்.

மூன்றாவது பட்டியல், எங்கள் கடைக்காரர்கள் வியாபாரம் செய்யும் ஊர்களின் பெயரோடு வரும் மளிகை, சில்லறை விலை, வீட்டு டெலிவரி. இந்தச் சொற்களை நாங்கள் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். அவை அவர்களுடைய சொத்து.

முடிவு செய்ததோடு நிற்கவில்லை. மருமகளும் நாங்களும் அருப்புக்கோட்டைக்குப் போனோம். அந்தக் கடைக்காரருக்கு வெப்சைட் இல்லை, தேவையும் இல்லை. கூகுள் மேப்பில் கடையைப் பதியும் இலவச வசதி இருக்கிறது. இப்போது அதற்குப் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். அதில் அவர் கடையைப் பதிந்தோம். கடையின் உண்மையான பெயர், வகை மளிகைக் கடை, திறக்கும் நேரம், போன் நம்பர், பளிச்சென்று ஆறு போட்டோ. அவருடைய சிறப்பு வத்தல், மல்லியை வறுத்து அரைத்துத் தருவது. அதைச் சரக்கு விவரத்தில் "மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார் பொடி அரைத்துத் தரப்படும், வீட்டு டெலிவரி உண்டு" என்று ஏற்றினோம்.

பக்கத்துக் கடையைத் தேடுபவருக்கு எந்தக் கடையைக் காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது. கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எந்த அளவுக்குப் பெயர் பெற்ற கடை. தூரத்தில் தெருக்கடைக்காரரை யாரும் வெல்ல முடியாது. பொருத்தத்தைச் சரியான விவரத்தால் காட்டலாம். பெயரை நேர்மையான வியாபாரத்தால்தான் வாங்க வேண்டும்.

ஐந்தாவது வேலை: சொல்லை வைக்கும் இடம்

தேர்ந்தெடுத்த சொல்லைப் பக்கத்தின் தலைப்பிலும், மேலே உள்ள பெரிய எழுத்திலும், முதல் பத்தியிலும், படத்துக்கான விளக்கத்திலும் இயல்பாக வர வைக்க வேண்டும். ஒரு சரக்குக்கு ஒரு பக்கம் போதும். பொரிகடலைக்கு ஒன்று, பொட்டுக்கடலைக்கு ஒன்று என்று தனித்தனிப் பக்கம் வேண்டாம். "பொரிகடலை (பொட்டுக்கடலை)" என்று தலைப்பு வைத்து, "சில ஊர்களில் உடைச்சகடலை என்றும் சொல்வார்கள்" என்று உள்ளே ஒரு வரி எழுதினால் போதும்.

பக்கத்துக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் தெரியாமல் தேடுசொற்களை அடுக்கி வைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. தன் வரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஆறாவது வேலை: காலண்டர்

சரக்குக்குச் சீசன் இருப்பது போலச் சொல்லுக்கும் சீசன் உண்டு. மாசி, பங்குனியில் வருடத்துக்கு வேண்டிய மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைத்து வைப்பார்கள். வெயில் காலத்தில் வடகம், வத்தல் போடுவார்கள். நவராத்திரிக்குச் சுண்டல் என்பதால் கொண்டைக்கடலை, பட்டாணி, தட்டைப்பயறு. தீபாவளிக்குக் கடலைமாவு. பொங்கலுக்குப் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம். சீசன் தொடங்கிய பிறகு பக்கம் போட்டால் கூகுள் அதைக் கவனிப்பதற்குள் பண்டிகை முடிந்துவிடும். இரண்டு மாதம் முன்னதாகவே போட வேண்டும். போன வருடப் பக்கத்தை அழிக்காமல், அதிலேயே விலையையும் தேதியையும் மாற்ற வேண்டும்.

பலன் தெரிய எத்தனை நாள்? இந்த வேலையின் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பது கூகுளே சொல்லும் கணக்கு. அதுவரை கண்ணை மூடிக் கொண்டு இருக்க வேண்டியதில்லை. சர்ச் கன்சோல் என்ற இலவசக் கணக்கு ஒன்று உண்டு. எந்தச் சொல்லைத் தேடியவர் கண்ணில் நம் பக்கம் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று பதினாறு மாதத்துக்குக் காட்டும். நாங்கள் மாதக் கடைசியில் சரக்கு இருப்புப் பார்ப்பது போல அதையும் பார்க்கிறோம். கண்ணில் படுகிறது, உள்ளே வருபவர் இல்லை என்றால் தலைப்பைத் திருத்துகிறோம்.

செய்யக் கூடாதவை

ஒன்று: முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

இரண்டு: ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை நாற்பதாகப் போடுவது, ஒரே சொல்லை வரிக்கு வரி திணிப்பது இரண்டும் கூகுள் விதிப்படி மோசடி வகையில் சேரும். பிடிபட்டால் நம்மைப் பின்னால் தள்ளும், அல்லது எடுத்தே விடும். எங்கள் நாற்பது பக்கங்களை நாங்களே எடுக்காவிட்டாலும் அவை நிலைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மூன்று: மேப்பில் கடைப் பெயரோடு "சிறந்த", "மலிவான", "மொத்த விலை மளிகை" என்றெல்லாம் ஒட்டாதீர்கள். போர்டில் உள்ள பெயரே அங்கும் இருக்க வேண்டும். மாற்றினால் பதிவை முடக்கிவிடுவார்கள். பரிசு கொடுத்து நட்சத்திரம் வாங்குவதும் விதிக்கு விரோதம்.

நான்கு: நோயின் பெயரைத் தேடுசொல்லாக வைக்காதீர்கள். எங்கள் முதல் வெப்சைட்டில் ஒரு அரிசிக்குச் "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று எழுதியிருந்தார்கள். அதிகம் பேர் தேடும் சொல் என்று காரணம் சொன்னார்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ம் பிரிவின்படி, தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வெப்சைட்டில் எழுதுவதும் விளம்பரம்தான். சட்டம் இருக்கட்டும். நம் வாசகத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்த வரியை அன்றே எடுத்தோம்.

இன்றைய நிலை

பெரிய அதிசயம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். வீடுகளிலிருந்து வந்த இரண்டு கிலோ ஆர்டர்கள் நின்றுவிட்டன. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. வாரந்தோறும் விலை மாற்றிப் போடும் மார்க்கெட் நிலவரப் பக்கத்தைப் பார்த்து, நாங்கள் அறியாத ஊர்களிலிருந்து கடைக்காரர்கள் போன் செய்கிறார்கள். பத்துப் பேர் விசாரித்தால் இரண்டு பேர் சரக்கு எடுக்கிறார்கள். எடுத்தவர்கள் மூட்டைக் கணக்கில் எடுக்கிறார்கள்.

அருப்புக்கோட்டைக் கடைக்காரர் பாக்கியை முடிக்கவில்லை. வழக்கம் போலத் தவணையில்தான் போகிறது. போன மாசியில் மிளகாய் வத்தல் கூடுதலாக இரண்டு மூட்டை கேட்டார். "என்னய்யா, வியாபாரம் எப்படி?" என்றோம். "மாற்றலாகி வந்தவங்க நாலைஞ்சு குடும்பம் புதுசா வர்றாங்க அண்ணாச்சி. போன்ல பார்த்து வந்தோம், பொடி அரைச்சுத் தருவீங்களாமேன்னு கேக்குறாங்க" என்றார். அன்று உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

நமது சங்கத்தில் மொத்த வியாபாரிகளும் சில்லறை வியாபாரிகளும் சேர்ந்தே இருக்கிறோம். ஒவ்வொரு ஊர்க் கிளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எந்தச் சொல் மொத்தக் கடைக்கு, எந்தச் சொல் தெருக்கடைக்கு என்று பேசிப் பிரித்துக் கொண்டால் ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் இழுக்க வேண்டிய நிலை வராது. அந்தக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு மாதம் எழுதிய கல்லா நோட்டைக் கொண்டு வாருங்கள். நோட்டு இன்றே தொடங்கலாம். ஐந்து ரூபாய்ப் பேனாவும் பழைய டைரியும் போதும்.